பாஸ்தாவுக்குத் தண்ணீர் கொதிக்கும் நேரம்

அன்பு மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரோ நண்பர் வீட்டு விருந்துக்கு இத்தாலிப் போத்தல் ஒன்று வாங்கிக்கொண்டு போனாய், பினோ கிரிஜோ என்கிற வெள்ளை வைன், பல்லுக் கூசுகிற அளவுக்குக் குளிரவைத்துக் குடித்தீர்கள். "பச்சைத் தண்ணிக்குள்ள தேசிக்காய் புளிஞ்ச மாதிரி அம்மா, இதுக்கா இவ்வளவு பேர்?" என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டுக் கதையை மாற்றினேன். பக்கத்தில் அப்பா நின்றார். அவருக்கு முன்னால் வைனைப் பற்றி விலாவாரியாகக் கதைக்க எனக்கு இன்னும் கூச்சம். அதுதான் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் மெதுவாகத்தான் வாசிப்பாய். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன பலன் இப்படியாவது கிடைக்கட்டும்.

அதற்கு முதல் ஒரு விசயம். உனக்குப் பதினேழு வயது, இங்கே பலெர்மோவில் சந்தா ரொசாலியா திருவிழா இரவு. ஊரே தெருவில் நின்று வேகவைத்த நத்தையும் வத்தகப்பழமும் தின்கிற நாள். நீ வைன் மணத்தோடு வீட்டுக்கு வந்தாய் என்று கன்னத்தில் அடித்தேன். இலங்கையில் எங்கள் ஊரில் குடி என்றால் ஒரே அர்த்தம்தானே: தவறணையிலிருந்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வருவார்கள், அடுத்த நாள் காலையில் வீட்டுப் பொம்பிளையின் முகம் வீங்கியிருக்கும். அதைப் பார்த்து வளர்ந்த கண்ணால் உன்னைப் பார்த்தேன். உன் கையில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் அரைவாசி. அடித்தது பிழை. அதை இவ்வளவு நாளும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

சரி, வைனுக்கு வருவோம்.

லிபெர்த்தா வீதிப் பக்கம் நான் பராமரித்த சிஞ்ஞோராவை, அந்த வீட்டுக்கார அம்மாவை, உனக்குத் தெரியும். 2006இல் அந்த வீட்டுக்கு வேலைக்குப் போனேன். அவர் பலெர்மோக்காரி இல்லை. எட்னா எரிமலைப் பக்கத்தில் பிறந்து, கல்யாணம் கட்டி இங்கே வந்தவர். ஐம்பது வருசம் இங்கே இருந்தும் இந்த ஊர்க்காரரை ஒரு நாளும் மன்னிக்கவில்லை. நாங்கள் 'அரஞ்சீனா' என்றால், "அரஞ்சீனோ! அது ஆம்பிளை" என்று திருத்துவார். அந்தச் சோற்று உருண்டை ஆணா பெண்ணா என்று எட்னாப் பக்கத்துக் கத்தானியாவும் பலெர்மோவும் சண்டை பிடிப்பது உனக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு போத்தல் வெள்ளை வைன் கடதாசியில் சுற்றித் தருவார். நான் வாங்கிக்கொண்டு வந்து என்ன செய்தேன் தெரியுமா? சிங்கில் ஊற்றினேன். போத்தல் நல்ல கனமான கண்ணாடி, எறிய மனமில்லை. கழுவிக் காயவைத்து நல்லெண்ணெய் விட்டு வைத்தேன். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற பச்சைப் போத்தல், அதுதான். பல வருசம் கழித்து, வைனைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்த பிறகு, எண்ணெய் ஊறின அந்த லேபிளை ஒரு நாள் துடைத்து வாசித்தேன். எட்னா பியாங்கோ சுப்பீரியோரே. மிலோ என்கிற ஒரு சின்ன ஊரின் தோட்டங்களில் இருந்து மட்டும் வருகிற வைன். அப்படி மூன்று போத்தலைச் சாக்கடைக்குக் கொடுத்திருக்கிறேன். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

நான் முதல் மிடறு குடித்தது ஒரு மத்தியான நேரம். அன்றைக்கு சார்தே ஆ பெக்காபீக்கோ செய்திருந்தேன்: சூடை மீனின் முள்ளை எடுத்து, பாண்தூளும் உலர்ந்த முந்திரிகைப் பழமும் (திராட்சை) வைத்துச் சுருட்டி, நடுவில் பே இலை செருகி ஓவனில் வைப்பது. சிஞ்ஞோராவுக்குக் கை நடுக்கம், வைனை நான்தான் ஊற்றவேண்டும். ஊற்றிவிட்டு எழும்பினேன். "இரு" என்றார். "இந்த மீனை நீ செய்தாய், உப்பு சரியா என்று பார்த்தாய். இதோடு இது சேருதா என்று பார்க்காமல் எப்படிப் பரிமாறுவாய்?" வேலையின் ஒரு பகுதி என்று சொன்னபடியால் எனக்கும் மறுக்கத் தெரியவில்லை.

முதலில் புளிப்பு. நீ சொன்ன அதே தேசிக்காய்ப் புளிதான். முகத்தைச் சுளித்தேன். "மீனைச் சாப்பிட்டுவிட்டுத் திருப்பிக் குடி" என்றார். குடித்தேன். அந்தப் புளி இப்போது வேறு ஆள். மீன் நெய்யைக் கழுவிக்கொண்டு போனது. போன இடத்தில், தேசிக்காய்த் தோலை நகத்தால் கீறினால் வருமே, அந்த வாசம். கொஞ்சம் பெருஞ்சீரகம். கடைசியில் உதட்டில் உப்பு, கடற்கரையில் நடந்துவிட்டு வந்து நாக்கால் தடவினால் இருக்கிற மாதிரி. "உப்புத் தெரியுதா?" என்று கேட்டார். தெரிந்தது. அதற்குப் பிறகு மத்தியானத்தில் எனக்கும் ஒரு சின்னக் கிளாஸ் வைக்கத் தொடங்கினார். அப்பாவுக்கு நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவர இரண்டு வருசம் ஆனது.

அந்த வைனின் முந்திரிகைக்குப் பெயர் காரிகாந்தே. எட்னாவை விட்டால் வேறு இடத்தில் பெரிதாகக் கிடையாது. சிஞ்ஞோராவின் மகள் ஒரு ஒக்டோபரில் எங்களைக் காரில் மிலோவுக்குக் கூட்டிக்கொண்டு போனா. கீழே எல்லாரும் பழம் வெட்டி முடித்து எத்தனையோ நாளாகியிருந்தது, அங்கே அப்போதுதான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். உயரம், குளிர், கடலில் இருந்து வந்து மலையில் முட்டுகிற மழை, எல்லாம் சேர்ந்து பழத்தை ஆறுதலாகத்தான் பழுக்கவிடும். புளி போகாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். எரிமலைக் கல்லைக் கறுப்புச் சுவராக அடுக்கிப் படிப்படியாகக் கட்டின தோட்டம். எங்கள் ஊர் முந்திரிகைத் தோட்டத்தில் பந்தல் போட்டுக் கொடியை மேலே விடுவார்கள், நாங்கள் குனிந்து கீழால் போவோம். இங்கே பந்தல் இல்லை. கொடி ஒவ்வொன்றும் ஒரு தடியைப் பிடித்துக்கொண்டு குட்டி மரம் மாதிரித் தனியாக நிற்கிறது. மண்ணைக் கையில் எடுத்தேன். அடுப்புச் சாம்பலைவிடக் கொஞ்சம் கரடு, அவ்வளவுதான். இதில் கத்தரிக்காயே வராது என்று நினைத்தேன்.

1968இல் சிசிலியில் முதல் முதல் அரசாங்கத்தின் டொக் முத்திரை கிடைத்தது எட்னாவுக்குத்தான். அந்த முத்திரையின் சட்டம் 1963இல் வந்தது. எந்த ஊர், எந்த முந்திரிகை, ஒரு தோட்டத்தில் எவ்வளவு எடுக்கலாம் என்று வரையறுக்கிற சட்டம். அதனால் நீ கடையில் லேபிளைப் பார்க்கும்போது முந்திரிகையின் பெயரை மட்டும் பாராதே, ஊரின் பெயரைப் பார். சோவாவே என்று ஒன்று இருக்கிறது, வெரோனாப் பக்கம், கார்கானேகா என்கிற பழம். பெயர் விலைபோகத் தொடங்கியதும் மலையடிவாரத்தை விட்டுக் கீழே சமதரையிலும் நட்டுக் குவித்தார்கள். தண்ணியாய்ப் போனது. பழைய குன்றுகளில் இருந்து வருவதில் 'கிளாசிக்கோ' என்று எழுதியிருக்கும். அதே பெயர், இரண்டு வேறு சாமான்.

உன் பினோ கிரிஜோவுக்கும் இதேதான் நடந்தது. அதன் பழம் வெள்ளை இல்லை, சாம்பலும் சிவப்பும் கலந்த நிறம். தோலோடு கொஞ்ச நேரம் ஊறவிட்டால் வைன் செம்பு நிறத்தில் வரும். வடகிழக்கில், பிரியூலியில், அதற்கு ராமாத்தோ என்று பெயர். தோலை உடனே எடுத்துவிட்டு, இரும்புத் தாங்கியில் குளிரில் வைத்து, பளிங்குபோல ஆக்கி வெளிநாட்டுக்கு ஏற்றுகிறதுதான் நீ குடித்தது. அதில் பிழை இல்லை. தாகத்துக்குச் சரி. ஆனால் ஒரு விருந்துக்கு அதைக் கொண்டுபோய்விட்டு இத்தாலி வெள்ளை வைனே இவ்வளவுதான் என்று முடிவுகட்டுவது, கோயில் வாசலில் ஐஸ்பழம் வாங்கித் தின்றுவிட்டு அன்னதானம் சரியில்லை என்று சொல்கிற மாதிரி.

அதைவிடப் பெரிய பிழை அந்தக் குளிர். பல்லுக் கூசினால் நாக்கு செத்துவிடும், புளி மட்டும்தான் தெரியும். சிஞ்ஞோராவிடம் வெப்பமானி ஒன்றும் இருக்கவில்லை. பாஸ்தாவுக்குத் தண்ணீரை அடுப்பில் வைக்கும்போது போத்தலைப் பிரிட்ஜில் இருந்து எடுக்கச் சொல்வார். தண்ணீர் கொதித்து, பாஸ்தா வெந்து, வடித்து மேசைக்கு வரும்போது வைன் சரியாக இருக்கும். பிறகு ஒரு நாள் புதினத்துக்கு வெப்பமானி வைத்துப் பார்த்தேன், 10 பாகை. நல்ல வெள்ளைக்கு 10, 12 பாகை போதும். அப்புறம் நீ அவசரப்பட்டு பிரீசருக்குள் வைக்காதே. நான் ஒரு முறை வைத்து மறந்துபோனேன். விடியத் திறந்தால் தக்கை வெளியே, வைன் உறைந்து ஒரு கிலோ இறாலுக்கு மேலே கவிழ்ந்து கிடக்கிறது. அந்த இறாலைக் குழம்பு வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது, அது வேறு கதை.

நான் கண்டுபிடித்த ஒன்றைச் சொல்கிறேன், இது சிஞ்ஞோரா சொல்லித்தரவில்லை. இந்த நாட்டு வெள்ளை வைன்களில் பல மூக்கில் நின்று கூத்தாடாது. மணந்து பார்த்தால் அடக்கமாக இருக்கும். வாய்க்குள் போனபிறகுதான் கதைக்கும். கதைத்து முடித்துப் போகும்போது ஒரு சின்னக் கசப்பை விட்டுவிட்டுப் போகும், பச்சை வாதுமைப் பருப்பைக் கடித்த மாதிரி. சோவாவேயில் இருக்கிறது, சார்தேனியாவின் வெர்மெந்தீனோவில் இருக்கிறது, பிரியூலியின் பிரியுலானோவில் இருக்கிறது. கசப்புப் பழக்கமில்லாதவர்களுக்கு அந்த இடத்தில் முகம் மாறும். நீ பாவற்காய் தின்று வளர்ந்த பிள்ளை. புளி, உப்பு, கசப்பு மூன்றும் ஒரே வாயில் வந்தால் அதை என்ன செய்வதென்று உன் நாக்குக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அந்தக் கசப்புக்கு நான் தெரிவு செய்வது வெர்டிக்கியோ. மார்க்கே மாநிலம், யேசி என்கிற ஊரைச் சுற்றின குன்றுகள். பெயரிலேயே பச்சை இருக்கிறது, 'வெர்தே' என்றால் பச்சைதானே. 1950களில் ஒரு கம்பெனி இதைப் பழைய காலத்துச் சாடி மாதிரி இடுப்புச் சுருங்கின போத்தலில் அடைத்து விற்றது. உலகம் முழுக்கப் போத்தல் பிரபலமானது, உள்ளே இருந்ததை ஒருவரும் மதிக்கவில்லை. இப்போது நல்லதெல்லாம் சாதாரணப் போத்தலில் வருகிறது. ஐந்தாறு வருசம் வைத்துத் திறந்தாலும் உடையாது. வெள்ளை வைனை உடனே குடித்துவிடவேண்டும் என்று சொல்கிறவர்களுக்கு இதைத்தான் காட்டவேண்டும்.

கம்பானியாவின் ஃபியானோவும் அப்படித்தான். அவெல்லீனோ மலைப் பக்கம். இந்தப் பெயர் தேனீக்கான லத்தீன் சொல்லில் இருந்து வந்தது என்பார்கள், பழத்தைத் தேனீ மொய்க்குமாம். உண்மையோ தெரியாது, ஆனால் இரண்டு மூன்று வருசமான ஃபியானோவை மணந்தால் தேன்கூட்டு மெழுகின் வாசம் வரும். இனிப்பு மட்டும் இருக்காது. அதற்குப் பக்கத்து ஊர் கிரேக்கோ தி தூஃபோ. இரண்டுக்கும் 2003இல் மேல்தர முத்திரை கிடைத்தது. கிரேக்கோ எனக்குக் கொஞ்சம் முரடு. நுரைக்கிற வைன் பிரொசெக்கோ பற்றி என்னிடம் கேளாதே. கலியாண வீட்டில் கையில் தந்தால் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

வீட்டில் கிழமை நாளில் நான் வாங்குவது கிரில்லோதான். சிஞ்ஞோரா போனபிறகு எட்னா வைன் வாங்க மனமும் காசும் ஒத்துவரவில்லை, கிரில்லோ ஏழெட்டு யூரோவுக்குள் நல்லதாகக் கிடைக்கும். இத்தாலியனில் கிரில்லோ என்றால் சிள்வண்டு. இது 19ஆம் நூற்றாண்டில் அக்ரிஜெந்தோப் பக்கத்துப் பிரபு ஒருவர் கதாரத்தோ, சிபிப்போ என்கிற இரண்டு முந்திரிகைகளைக் கலந்து உண்டாக்கின கொடி. ஒரு பக்கம் வெயிலுக்கு அஞ்சாத சிசிலிக் கதாரத்தோ, மறுபக்கம் மணக்கிற சிபிப்போ. மர்சாலாவுக்கு உங்களைப் பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போனார்களே, இத்தாலியை ஒன்றாக்கப் போராடின கரிபால்டி 1860இல் வந்து இறங்கின இடம் என்று. அந்த ஊர் வைனை வெள்ளைக்கார வியாபாரி ஜோன் வூட்ஹவுஸ் 1773இல் கப்பலில் ஏற்றத் தொடங்கினார். கடல் பயணத்தில் கெட்டுப்போகாமல் இருக்க ஸ்பிரிட் கலந்து அனுப்பினார். பிறகு கிரில்லோவின் வேலை அந்த மர்சாலாவுக்குப் பழம் கொடுப்பதாகவே இருந்தது. தனியாக, புளிப்பு மாறாமல் எடுத்தால் இவ்வளவு நல்லது என்று ஊருக்கு விளங்க நூறு வருசத்துக்கு மேல் எடுத்தது. அந்தக் கரையில் உப்பளம் பரந்து கிடக்கும், நடுவில் காற்றாலைகள். பஸ்ஸில் இருந்து அதை முதலில் கண்டபோது அப்பா "ஆனையிறவு" என்று ஒரு சொல்தான் சொன்னார், பிறகு ஊர் வரும்வரைக்கும் வாய் திறக்கவில்லை. கிரில்லோவைக் குடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த பஸ் ஞாபகம் வரும்.

எங்கள் சாப்பாட்டோடு எது சேரும் என்று கேட்பாய். மீன் சொதியும் இடியப்பமும் என்றால் கிரில்லோவோ ஃபியானோவோ வை. தேங்காய்ப்பாலின் தடிப்பை அந்தப் புளி வெட்டும். பொரித்த மீன், கணவாய், பல்லாரோ சந்தையில் சுடச்சுட விற்கிற கடலைமாப் பொரியல் பனெல்லே, எல்லாவற்றுக்கும் எட்னாவோ வெர்டிக்கியோவோ சரி. ஆனால் நண்டுக்குழம்போடு ஒன்றும் எடுக்காதே. உறைப்பும் வைனின் சூடும் சேர்ந்தால் வாய் நெருப்பு. உன் மாமா வந்தபோது நான் கெட்டித்தனமாக ஊற்றிக் கொடுத்துவிட்டு, பிறகு எல்லாருக்கும் மோர் கரைத்தேன். உறைப்புக்கு ஏதாவது வேண்டுமென்றால் பியமோந்தேயின் மொஸ்காத்தோ தாஸ்தி வாங்கு. இனிப்பு, கொஞ்சம் நுரை, போதை 5 சதவீதம் அளவில்தான். அதை நண்டோடு வைத்துப் பார்த்திருக்கிறேன், தாங்கும்.

அப்பா எப்படி மடங்கினார் என்று சொல்லவேண்டும். ஒரு நாள் குசினியில் பிடிபட்டேன். ஒன்றும் பேசாமல் கிளாசை வாங்கி மணந்து பார்த்தார். "காலமைக் கள்ளு மாதிரி இருக்கு" என்றார். விடியக் காலையில் மரத்தில் இருந்து இறக்கின பனங்கள்ளுக்கு ஒரு சுத்தமான புளி இருக்கும், மத்தியானம் தாண்டினால் அது நாறிவிடும் என்று அவருக்குத் தெரியும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் கருப்பநீர், தடவாவிட்டால் கள்ளு. இங்கே சுண்ணாம்புக்குப் பதில் குளிர். நொதிக்கிற தாங்கியைக் குளிராக வைத்து, பழத்தின் வாசம் பறந்துபோகாமல் மெதுவாக நொதிக்க விடுகிறார்கள். அதைச் சொன்னதும் மனிசனுக்கு வைன் விளங்கிவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெக்ரீனோ மலை ஏறி சந்தா ரொசாலியாவைக் கும்பிட்டுவிட்டு வந்த பிறகு அரைக் கிளாஸ் எடுக்கிறார். அரைதான். நானும் ஒன்றுக்கு மேல் எடுப்பதில்லை, இரண்டாவதில் எனக்குச் சுவை தெரியாது, நித்திரைதான் வரும்.

உங்கள் ஊரில் அரசாங்கக் கடையில் வாங்குவதாகச் சொன்னாய். அடுத்த முறை போனால் 'வெர்டிக்கியோ தெய் கஸ்தெல்லி தி யேசி, கிளாசிக்கோ சுப்பீரியோரே' என்று லேபிளில் இருக்கிறதா பார். பெயர் நீளம், நீ இந்த ஊரில் படித்தவன், உனக்கு வாசிக்கக் கஷ்டமில்லை. ஒரு கிழமை நாளில், ஆட்கள் இல்லாமல், ஒரு மீனைப் பொரித்து வைத்துக்கொண்டு குடி.

ஜூலையில் நீ வரும்போதுக்கு ஒரு போத்தல் வாங்கி வைத்திருக்கிறேன். மிலோவில் இருந்து வந்தது, நல்லெண்ணெய்ப் போத்தலில் இருந்த அதே பெயர். சிஞ்ஞோராவின் மகள் தந்த கிளாஸ்கள் ஆறில் நான்கு மிச்சம் இருக்கின்றன, அது போதும். திருவிழாவுக்கு இரண்டு நாள் முதல் வந்துவிடு. விமான நிலையத்தில் இருந்து போன் எடுக்காதே, அப்போதே வெளியே எடுத்தால் இந்த வெக்கைக்குப் போத்தல் கெதியில் சூடாகிவிடும். பஸ்ஸில் பொலித்தேயாமாவில் இறங்கினதும் எடு. அங்கிருந்து வீட்டுக்கு நடந்து வர உனக்கு இருபது நிமிசம். அப்போது போத்தலை வெளியே எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா